ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் ரேடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மருத்துவ ஹெலிகாப்டர்களை அனுப்பும் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வருபவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் சொதப்புகிறார்கள். பேட்டரியை சார்ஜ் செய்வது, சத்தத்தைக் கூட்டி வைப்பது எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜிபிஎஸ் எண்ணை அப்படியே எழுதிக்கொள்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரே இடத்தை மூன்று விதமாகச் சொல்லலாம்: ஒன்று, தசமத்தில் டிகிரி; இரண்டு, டிகிரியும் தசமத்தில் நிமிடமும்; மூன்று, டிகிரி, நிமிடம், விநாடி. கைப்பேசி பெரும்பாலும் முதல் விதத்தில் காட்டும். பைலட்டுகளுக்குப் பழக்கம் இரண்டாவது.

தெற்கு ஒஹாயோவில் ஓர் இரவு விபத்து. தீயணைப்பு வீரர் கைப்பேசியைப் பார்த்து "முப்பத்தொன்பது, நாற்பத்தைந்து" என்றார். அவர் சொன்னது 39.45 டிகிரி. புதிதாகச் சேர்ந்த பையன் 39 டிகிரி 45 நிமிடம் என்று தட்டினான். 0.45 டிகிரி என்றால் 27 நிமிடம்தான். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். ஆக 18 கடல் மைல், அதாவது 33 கிலோமீட்டர் தள்ளி, சோளக்காட்டுக்கு மேல் ஹெலிகாப்டர் வட்டமடித்தது. 130 நாட், அதாவது மணிக்கு 130 கடல் மைல் வேகத்தில் அது எட்டு நிமிடப் பயணம். அடிபட்டவர் அங்கே சாலையோரத்தில் கிடக்கிறார்.

எண் 39.72 ஆக இருந்திருந்தால் கணினியே மறுத்திருக்கும், நிமிடம் 60-ஐத் தொடாது என்பதால். 60-க்குக் கீழே இருந்துவிட்டால் ஓர் எச்சரிக்கையும் வராது.

எந்த வடிவம் என்று முதலில் கேளுங்கள். புள்ளி எங்கே வருகிறது என்பதையும் சேர்த்து, ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்து ஊரையோ சாலைச் சந்திப்பையோ கேட்டு, வரைபடத்தில் சரிபாருங்கள். அவசரத்தில் இதற்கு ஏது நேரம் என்பார்கள். அரை நிமிடம் கூட ஆகாது. 2008 செப்டம்பரில் மேரிலாந்து மாநிலக் காவல்துறையின் மருத்துவ ஹெலிகாப்டர் 'ட்ரூப்பர் 2' இரவில் விழுந்தது. நால்வர் இறந்தார்கள். அது விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. தேடியபோது இதே எண் வடிவக் குழப்பமும் இருந்தது.

டோன்

155.340 மெகாஹெர்ட்ஸ் பல மாநிலங்களில் மருத்துவமனைகளுக்கான பொது அலைவரிசை. டோன் என்பது பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி; அது பொருந்தினால்தான் எதிர்முனை ரேடியோவில் நம் குரல் கேட்கும். அனுப்பும் டோன் மாறியிருந்தால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கலாம், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. பதிலே இல்லை என்று அவர்களைத் திட்டுவதற்கு முன் டோனைப் பாருங்கள். மேலே இருந்து பேசினால் அலை வெகுதூரம் போகும், எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளில் கேட்கும். அதனால் எந்த மருத்துவமனையைக் கூப்பிடுகிறீர்களோ அதன் பெயரை முதலில் சொல்லுங்கள்.

பட்டனை அழுத்தியதுமே பேசுவது

நம் அலையை வாங்கி வலுவாக்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள ஒரு கணம் ஆகும். அதற்குள் பேசினால் முதல் சொல் போச்சு.

நோயாளியின் பெயர்

கூடாது. ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர் கருவி வைத்திருப்பவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இறங்கும்போது பேச்சு

மின்கம்பியோ ஆளோ வண்டியோ குறுக்கே இருந்தால் உடனே கத்துங்கள். மற்றபடி பைலட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள்.