கோப்புக்குள் குடியிருக்கும் வைரஸ்: விரட்டப் போய்ப் பரப்பிவிடாதீர்கள்

பல ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஒருநாள் கணினியில் இணைத்தேன். ஆன்டிவைரஸ் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். எல்லாவற்றிலும் 'சாலிட்டி' என்று ஒரே பெயர். பட்டியலை அப்படியே தேர்ந்தெடுத்து 'அழி' என்று கொடுத்தேன். அழிந்தவை வைரஸ்கள் அல்ல, என்னுடைய நிரல்கள்.

கோப்புகளைத் தொற்றும் வைரஸை மற்றத் தீநிரல்களைப் போல நினைப்பதுதான் முதல் தவறு. புழு, டிரோஜன் போன்றவை பெரும்பாலும் தனிக் கோப்பாக வந்து உட்காரும். அந்தக் கோப்பை நீக்கினால் கதை முடிந்தது. இந்த வகை வைரஸ் புல்லுருவி. அதற்கென்று தனி மரம் கிடையாது. நல்ல இஎக்ஸ்இ கோப்பு (இயக்கக்கூடிய நிரல் கோப்பு) ஒன்றின் கடைசியில் தன் குறிமுறையை ஒட்டவைத்து, அந்த நிரல் எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்ற முகவரியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். நீங்கள் நிரலைத் திறக்கும்போது முதலில் வைரஸ் ஓடும். பிறகு கட்டுப்பாட்டை உரிய நிரலிடம் ஒப்படைக்கும். நிரல் எப்போதும் போல வேலை செய்வதால் சந்தேகமே வராது.

ஆகவே 'அழி' வேறு, 'சுத்தம் செய்' வேறு. சுத்தம் செய்யும்போது ஒட்டிய பகுதி வெட்டப்பட்டுப் பழைய முகவரி திரும்ப எழுதப்படும். அழித்தால் மரத்தோடு போயிற்று. விண்டோஸ் எக்ஸ்பியில், உள்நுழைந்ததும் ஓடும் 'யூசர்இனிட்' என்ற ஒரே ஒரு கோப்பு காணாமல் போனால் போதும், உள்நுழைந்த மறுகணமே கணினி உங்களை வெளியே தள்ளிவிடும்.

எல்லாக் கோப்பையும் மீட்டுவிடலாம் என்று நம்புவதும் தவறுதான். விருட் என்ற வைரஸின் குறிமுறையிலேயே பிழைகள் இருந்தன; அது தொட்ட கோப்புகளில் சில எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாதபடி சிதைந்தன. என் கருத்து இது: நிரல்களுக்காகப் போராட வேண்டாம். அவற்றை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். படங்களும் ஆவணங்களும்தான் திரும்பக் கிடைக்காதவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்வது பல நேரங்களில் குறைந்த வேலை.

இருப்பதிலேயே பெரிய தவறுக்கு வருகிறேன். வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும் அதே கணினியில், அதே விண்டோஸுக்குள் இருந்தபடி ஸ்கேன் செய்வது. 1989இல் பல்கேரியாவின் சோபியா நகரிலிருந்து பரவிய 'டார்க் அவெஞ்சர்' என்ற வைரஸ், நிரல்களை இயக்கும்போது மட்டும் தொற்றவில்லை. யாராவது ஒரு நிரல் கோப்பைப் படிக்கத் திறந்தாலே தொற்றியது. ஸ்கேனர் செய்யும் வேலை என்ன? டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிப்பது. நினைவகத்தில் வைரஸ் இருப்பதை அறியாத ஸ்கேனரை ஓடவிட்டவர்கள், தேடப் போன இடமெல்லாம் தாங்களே விதைத்துவிட்டு வந்தார்கள்.

2003இல் முதலில் தென்பட்ட சாலிட்டியின் பிந்தைய வடிவங்கள் இன்னும் ஒருபடி மேலே போயின. ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்களுக்குள் புகுந்துகொள்ளும்; ஆன்டிவைரஸை நிறுத்தும்; ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரையும், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும் பூட்டும். 'சேஃப் மோடில் (அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் விண்டோஸ் துவங்கும் முறை) போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்களுக்காகவே, சேஃப் மோடுக்குத் தேவையான ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளையும் நீக்கிவிடும். நீங்கள் ஒரு கோப்பைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள், பக்கத்தில் ஓடும் இன்னொரு நிரல் அதை மறுபடியும் தொற்றியிருக்கும்.

வழி ஒன்றுதான்: வைரஸ் ஓட முடியாத இடத்திலிருந்து சுத்தம் செய்ய வேண்டும். தொற்றில்லாத வேறொரு கணினியில் தயாரித்த மீட்பு டிஸ்க் அல்லது பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, அதிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். எழுதத் தடை போட்ட ஃப்ளாப்பியை அந்தக் காலத்தவர்கள் பத்திரப்படுத்தியது இதற்காகத்தான். தொடங்கும் முன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பகிரப்பட்ட ஃபோல்டர் வழியே பக்கத்துக் கணினி மீண்டும் தொற்றைத் திருப்பி அனுப்பும்.

வைரஸின் பெயரைப் பார்க்காமல் கைவைப்பதும் ஆபத்து. 1994இல் வந்த 'ஒன் ஹாஃப்' ஒவ்வொரு முறை கணினி துவங்கும்போதும் டிஸ்க்கின் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறையாக்கம் (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்துகொண்டே வரும். வைரஸ் நினைவகத்தில் இருக்கும்வரை அந்தப் பகுதியை உடனுக்குடன் மறைநீக்கித் தரும் என்பதால் பயனருக்கு எதுவும் தெரியாது. சாவி இருப்பது டிஸ்க்கின் துவக்கப் பகுதியில். அவசரப்பட்டு அந்தப் பகுதியைப் புதிதாக எழுதியவர்கள் வைரஸோடு சாவியையும் சேர்த்தே துடைத்துவிட்டார்கள். எனவே எதைத் தொடுவதற்கு முன்பும் டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுத்து வையுங்கள், தொற்றோடு இருந்தாலும் பரவாயில்லை.

கோப்பின் அளவு கூடவில்லை, அதனால் தொற்றில்லை என்று சொல்பவர்களை இன்றும் காண்கிறேன். 1998இல் தைவானில் எழுதப்பட்ட சிஐஎச் என்ற வைரஸ் தன்னைத் துண்டு துண்டாக்கி, நிரல் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் காலியிடங்களில் செருகிக்கொண்டது. அளவு ஒரு பைட்கூட மாறவில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று அது பல கணினிகளின் டிஸ்க்கையும், சிலவற்றில் கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸையும் சேர்த்தே அழித்தது. அதற்கு முந்தைய 'ஃப்ரோடோ' இன்னும் சாமர்த்தியசாலி: 4096 பைட் கூட்டிவிட்டு, அளவைக் கேட்டால் பழைய எண்ணையே சொல்லும். அது நினைவகத்தில் இருக்கும்போது டிஸ்க் பிழைகளைத் திருத்தும் கட்டளையைக் கொடுத்தவர்கள், இல்லாத பிழையைத் திருத்தி நல்ல கோப்புகளைக் கெடுத்துக்கொண்டார்கள்.

'நிரல்களைத்தானே தொற்றும், வலைப்பக்கக் கோப்புகளுக்கு என்ன?' என்பதும் சரியல்ல. விருட்டும், 2010இல் வந்த ராம்நிட்டும் எச்டிஎம்எல் கோப்புகளையும் விடவில்லை. மீட்ட ஆவணங்களோடு சேமித்த பழைய வலைப்பக்கங்களையும் அள்ளிக்கொண்டு போனால் தொற்று கூடவே வரும்.

இவ்வளவு பழையது இனி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். பாதி உண்மை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16-பிட் வைரஸ்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. ஆனால் சாலிட்டி, விருட் போன்றவை 32-பிட் நிரல்கள், அவை ஓடக்கூடும். 2013 ஜனவரியில் போலந்தின் நாஸ்க் நிறுவனம் விருட் கட்டளை பெற்றுவந்த இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. கட்டளை போடும் தலை போயிற்று. கோப்புக்குக் கோப்பு தாவ அதற்குத் தலை தேவையில்லை.

கணினி சுத்தமானதும் பென் டிரைவ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிரைவைச் செருகியதும் தானாக ஓடவைக்கும், மறைந்திருக்கும் ஆட்டோரன் கோப்பின் வழியேதான் சாலிட்டி அவற்றில் ஏறி இறங்கியது. கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். தொற்று இருந்த காலத்தில் எழுதிய சிடிகளை எந்த ஆன்டிவைரஸாலும் சுத்தம் செய்ய இயலாது, ஏனெனில் அவற்றில் திரும்ப எழுத முடியாது. வேண்டிய ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சிடியை உடைத்துப் போடுங்கள்.