டோர்டோன் ஆற்றங்கரையின் இடைக்காலக் கிராமங்கள்: மூன்று நாளில் பார்ப்பது எப்படி

பிரான்ஸின் தென்மேற்கில், சார்லா ஊரைச் சுற்றிச் சுமார் பதினைந்து கிலோமீட்டருக்குள் பேனாக், லா ரோக் கஜாக், காஸ்தெல்னோ, டொம் என்று நான்கு இடைக்காலக் கிராமங்கள் இருக்கின்றன. தூரம் குறைவுதானே என்று நான்கையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நான்காவது ஊருக்குள் நுழையும்போது கால் ஓய்ந்திருக்கும், எல்லாக் கல்வீடும் ஒன்றுபோலத் தெரியும். சார்லாவில் மூன்று இரவு தங்கி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் சந்துகளில் நகரவே முடியாது. குளிர்காலத்தில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

போர்தோ நகரிலிருந்து சார்லாவுக்கு ரயில் உண்டு, சுமார் மூன்று மணி நேரம். ஆனால் கிராமங்களுக்குப் பேருந்து மிகக் குறைவு, கார் வேண்டும். அதைப் போர்தோவிலேயே எடுத்துவிடுங்கள். சிற்றூர்களில் வாடகைக் கார் அலுவலகங்கள் மதியம் மூடிவிடும், ஞாயிறன்று பெரும்பாலும் திறப்பதில்லை. ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பதிவில் கேட்டு வாங்குங்கள். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கொண்டு போங்கள்.

சாலையில் இரண்டு விஷயம். ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டியதும், வேறு பலகை இல்லாவிட்டால் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும். ஊருக்குள் கார் வேண்டாம். வரைபடச் செயலி வழி இருக்கிறது என்று சொல்லும். அந்த வழி ஒரு கார் அகலமே இருக்கும், திரும்ப இடமிருக்காது. நுழைவாயிலில் இருக்கும் நிறுத்துமிடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பேனாக் கோட்டை ஆற்றுக்கு மேலே சுமார் 150 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கல் பாவிய ஏற்றம் செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி கட்டாயம். மூட்டுவலி உள்ளவர்கள் மேலே உள்ள நிறுத்துமிடம் வரை காரிலேயே போகலாம். எதிர்க்கரையில் தெரிவது காஸ்தெல்னோ. நூறாண்டுப் போரில் (1337–1453) பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில். இரு கோட்டைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

லா ரோக் கஜாக் தெற்குப் பார்த்த பாறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாலை வெயிலில் அந்தக் கல் தேன் நிறமாகிவிடும், அப்போது போங்கள். 1957இல் இங்கே பாறை சரிந்து வீடுகள் நொறுங்கின. வேலி போட்டு அடைத்த பாதைகளை மதியுங்கள். ஊரின் முழு அழகு ஆற்றிலிருந்துதான் தெரியும்; பழைய சரக்குப் படகு வடிவிலான சுற்றுலாப் படகில் ஒரு மணி நேரம் போதும்.

டொம் வேறு வகை. 1281இல் அரசர் மூன்றாம் ஃபிலிப் திட்டமிட்டுக் கட்டிய ‘பாஸ்தீத்’, அதாவது மதிலுடன் எழுப்பிய புதுநகர். மலைமேல் இருப்பதால் தெருக்கள் வளைந்து கொடுத்திருக்கின்றன. பாஸ்தீத் என்றால் என்னவென்று தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் சுமார் ஒரு மணி நேரம் தென்மேற்கே ஓட்டி மான்பாசியேவுக்குப் போங்கள். 1284இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு நிறுவியது. 400க்கு 220 மீட்டர் செவ்வகம், நேர்க்கோட்டுத் தெருக்கள், நடுவே வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த சதுக்கம். பக்கத்து வீடுகளுக்கிடையே ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். தீ பரவாமல் தடுக்கவும் கழிவுநீர் ஓடவும் விட்டது அது. பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள்.

சார்லாவின் பெரிய சந்தை சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு முன் போகாவிட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மதிய உணவுக்கு 12 மணியிலிருந்து 2 மணி வரைதான், அதன்பின் சமையலறை மூடிவிடும். சைவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். ‘சார்லா உருளைக்கிழங்கு’ என்று பட்டியலில் இருப்பது வெறும் காய்கறிபோலத் தெரியும், ஆனால் வாத்துக் கொழுப்பில் வதக்கியது. முதலில் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு, ‘சான் கிரேஸ் து கனார்’ (வாத்துக் கொழுப்பு இல்லாமல்) என்று கேளுங்கள். முடியாதென்றால் ஆட்டுப்பால் சீஸ் சாலட்டும் வால்நட் கேக்கும் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டு சேர்க்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.