பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்குப் பணப்பொறுப்பு ஏற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படும்போது, தகப்பனின் சேமிப்பும் தாயின் நகை அடகும் வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் உதவியும் சேர்ந்தே பெரும்பாலும் தொகை நிறைகிறது. குடும்பங்களுக்கு இது இயல்பானது. ஆனால் விசா அலுவலர் தொகையோடு நிற்பதில்லை; அது யாருடையது, எத்தனை நாட்களாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பவற்றையும் பார்க்கிறார்.

முதல் தவறு, ஒரு நாட்டின் விதியை இன்னொரு நாட்டுக்கும் பொருத்திக்கொள்வது. கனடாவுக்கு உறவினர் ஒருவர் கடிதமும் வங்கிக்கூற்றும் கொடுத்துப் பொறுப்பேற்கலாம். பிரித்தானிய மாணவர் விசாவிலோ, புலமைப்பரிசில் போன்றவை நீங்கலாக, மாணவர், வாழ்க்கைத்துணை, பெற்றோர் அல்லது சட்டப் பாதுகாவலரின் பணமே ஏற்கப்படும். மாமா எவ்வளவு மனமுவந்து சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தாலும், அவருடைய கணக்கிலுள்ள பணம் அங்கு ஏற்கப்படாது. அவர் உண்மையாகவே கொடுக்க நினைத்தால், பிள்ளையின் அல்லது பெற்றோரின் கணக்குக்கு அதை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும்.

முன்கூட்டியே என்பதற்கும் கணக்குண்டு. பிரித்தானியாவுக்கு அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆவது நாள், விண்ணப்பத்துக்கு முந்திய 31 நாட்களுக்குள் வர வேண்டும். இடையில் ஒரேயொரு நாள் அவசரத் தேவைக்கென எடுத்துவிட்டு மறுநாள் திருப்பிப் போட்டாலும், நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். மட்டுமட்டாகப் பணம் வைப்பதும் ஆபத்தானது, ஏனெனில் ரூபாயை விண்ணப்பத் திகதியின் நாணயமாற்று வீதத்திலேயே பவுணாக்கிப் பார்ப்பார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்து, மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எனக்கு மிகவும் கவலை தருவது, வட்டிக்கு வாங்கிய பணத்தைச் சில வாரங்கள் வங்கியில் "காட்டி"விட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம். முகவர் ஒருவர் போலி வங்கிக்கடிதமும் தயாரித்துத் தந்தால் நிலைமை இன்னும் மோசம்: பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் கனடா 5 ஆண்டுகளும், பிரித்தானியா 10 ஆண்டுகள் வரையிலும் அந்தப் பிள்ளைக்கே கதவை மூடலாம். மறுபுறம், நேர்மையான பணமும் ஆதாரமின்றிச் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. தம்பலகாமத்து விவசாயி ஒருவர் அறுவடைக்குப் பின் நெல் விற்ற பணத்தை ஒரே நாளில் வைப்பிலிட்டால், விற்பனைச் சிட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். காணி விற்றவருக்கு உறுதியின் பிரதியும், நகை அடகு வைத்தவருக்கு அடகுச் சீட்டும் அதேபோல் அவசியம்.

தகப்பனின் பெயர் வங்கியில் முதலெழுத்துடனும் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முழுமையாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கான சத்தியக் கடதாசியையும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, முதலாண்டுடன் கணக்கை நிறுத்திவிடாதீர்கள். 2025 செப்டெம்பர் 1 முதல் கனடா தனி மாணவரிடம் வாழ்க்கைச் செலவுக்கெனக் கேட்கும் 22,895 கனேடிய டொலர் ஓராண்டுக்கானது மட்டுமே. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் வேறு. இரண்டாம் ஆண்டைப் பிள்ளை வேலை செய்து பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரமே வேலை செய்யலாம், அந்தச் சம்பளம் பெரும்பாலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும். ஆகவே இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை யார், எந்த மாதத்தில் அனுப்புவது என்பதைப் பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே மாமாவுடன் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.