கால் பிசகினால் எப்போது நீவலாம், எப்படி நீவலாம்?

போன மழைக்காலத்தில் பேருந்திலிருந்து இறங்கும்போது படி வழுக்கி, என் வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் கணுக்காலின் வெளிப்பக்கம் பன் மாதிரி உப்பிவிட்டது. பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுப்பதில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அன்று இரவே அவரிடம் போனோம். "நரம்பு புரண்டிருக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லி, எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் அழுத்தி உருவினார். வலியில் கத்தினேன். மறுநாள் காலையில் வீக்கம் இன்னும் கூடி, பாதம் விரல் வரை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "நீவினது தப்பில்லைங்க, நீவின நாள்தான் தப்பு." அதற்குப் பிறகு ஆறு வாரம் அவரிடம் கற்றுக்கொண்டு, என் காலை நானே நீவிக்கொண்டேன். இதுவரை யாருக்கும் நீவிவிட்டதே இல்லை என்பவர்களுக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடந்திருக்கிறது?

நரம்பு எதுவும் புரளவில்லை. கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்கு முன்னாலும் கீழேயும், எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நார்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றை லிகமெண்ட் என்பார்கள். பாதம் உள்பக்கம் மடங்கும்போது பெரும்பாலும் முன்பக்க நார்தான் முதலில் இழுபட்டுக் கிழியும். அதோடு சின்னச் சின்ன ரத்தக்குழாய்களும் அறுந்து உள்ளேயே ரத்தம் கசியும். கசிவு நின்று அந்த இடம் ஆறத் தொடங்கும் நேரத்தில் கட்டைவிரலால் உருவினால், மூடின வாய் மறுபடி திறந்துகொள்ளும். என் பாதம் கன்றிப்போனது அப்படித்தான்.

எலும்பு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்

நீவுவதற்கு முன் இதைச் சோதிக்காமல் இருக்கவே கூடாது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் ஓர் எளிய சோதனையை வகுத்தார்கள். எக்ஸ்ரே தேவையா இல்லையா என்று முடிவு செய்ய அதை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்க எலும்புகளையும் அவற்றின் நுனியிலும், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பின்விளிம்பிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். அந்த எலும்பின் மீதே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு மேடு தட்டுப்படும். அங்கே வலித்தாலும், உள்வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரேதான். அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவமனையில் பார்க்கும்போதும் சரி, நொண்டியாவது 4 எட்டு நடக்க முடியவில்லையென்றால் வேறு யோசனையே வேண்டாம். குழந்தைகளுக்கும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இந்தச் சோதனையை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள், நேராக மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

முதல் 3 நாள் கை வைக்க வேண்டாம்

உருவுவது, சூடு ஒத்தடம், எரியும் தைலம், மது இவை நான்கும் இந்த நாட்களில் வேண்டாம். கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நுனி நீலம் பாயும் அளவுக்கு இறுக்கக் கூடாது. படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஐஸ் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பிற்காலத்தில் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். வலி தாங்க முடியாதபோது மட்டும் துணியில் சுற்றி 10 நிமிடம் வைத்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

நான்காம் நாளிலிருந்து: நீவத் தொடங்குங்கள்

வீக்கம் மேலும் ஏறாமல் நின்றிருக்க வேண்டும், தொட்டால் கொதிக்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் தொடங்கலாம். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு தேக்கரண்டி போதும். எண்ணெயின் வேலை கை வழுக்கிப் போக உதவுவது மட்டும்தான்.

நான் முதலில் ஏமாந்தது வரிசையில்தான். வீங்கின இடத்தில் தொடங்கக் கூடாது, மேலிருந்து தொடங்க வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியை உள்ளங்கையால் மெல்ல ஒத்தி எடுங்கள், பத்து முறை. பிறகு கெண்டைக்காலின் நடுவிலிருந்து முழங்கால் நோக்கி வழித்து விடுங்கள். அப்புறம் கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து முழங்கால் வரை. கடைசியாகத்தான் விரல்களில் தொடங்கிப் பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று ஒரே நீளமாக மேல்நோக்கி. அடைத்துக்கொண்ட வாய்க்காலில் முன்னால் வழிவிட்டால்தானே பின்னால் தேங்கிய நீர் நகரும்? வீக்கத்து நீரும் அப்படித்தான். கையை எப்போதும் மேல்நோக்கியே கொண்டுபோங்கள், கீழே வரும்போது அழுத்தாமல் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு அழுத்தம்? நன்றாகப் பழுத்த தக்காளியை நசுங்காமல் துடைக்கிற அளவு. வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் மூன்றைத் தாண்டக் கூடாது. "வலிச்சாத்தான் சரியாகும்" என்று பெரியவர்கள் சொன்னால், அன்போடு கேட்டுக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது கெண்டைக்கால். நொண்டி நடப்பதால் அது கல்லாக இறுகியிருக்கும். சப்பாத்தி மாவு பிசைவது போல இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்து விடுங்கள். கால் வெளிப்பக்கமாக மேலிருந்து கீழே ஓடும் தசையை மறக்காதீர்கள், பாதம் மடங்கியபோது அதுவும் இழுபட்டிருக்கும். இங்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்தலாம். எனக்கு நிஜமான நிம்மதி கிடைத்தது இந்தக் கட்டத்தில்தான்.

எல்லாம் சேர்த்து 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ. முடித்ததும் உள்ளங்காலில் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கினால் பட்ட காலிலேயே மறுபடி படும்.

இரண்டு வாரம் கழித்து

வீக்கம் வடிந்து, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் வலி நிற்கும். அங்கே எண்ணெய் இல்லாமல் ஒரு விரலை வைத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, தோலோடு சேர்த்து நகர்த்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் பரப்பிய முறை இது. முதல் தடவை பிசியோதெரபிஸ்டிடம் இடத்தைக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நல்லது.

நீவுவதால் கிழிந்த நார் சீக்கிரம் ஒட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். வலி குறையும், இறுக்கம் தளரும், அதனால் காலை அசைக்கத் துணிச்சல் வரும். தொடு உணர்வு, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தும் என்று மெல்ஜாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1965-ல் விளக்கினார்கள். இடித்துக்கொண்ட இடத்தை நாம் நம்மை அறியாமல் தேய்த்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம். அந்த வலி குறைந்த நேரத்தை வீணாக்காமல் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள்.

யாருக்கு நீவவே கூடாது?

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், புண், சீழ் இருக்கும் இடத்திலும் கை வைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகுதான் நீவ வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். குழந்தைகளின் முழங்கையில் அடிபட்டால் எண்ணெய் போட்டு உருவவே உருவாதீர்கள். தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடக்க முடியாமல் இறுகிப்போவதை எலும்பு மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று தொக்கணத்தை, அதாவது நீவிவிடும் சிகிச்சையை, ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாக் கைக்கும் ஒரே உருவல்தான் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஒன்பது எதற்கு?

ஒரு முறை பிசகிய கால் மறுபடி பிசகுவது சாதாரணம். அதனால் நின்றால் வலிக்காது என்ற நிலை வந்ததும், சுவரைத் தொடும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கப் பழகுங்கள். நான் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது நிற்கிறேன், வலது கால் ஒரு தடவை, இடது கால் ஒரு தடவை.