கூட்டத்துக்குத் துப்பாக்கியோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

2011 ஜனவரி 8. அரிசோனாவின் டூசான் நகரில், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவன் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவரிடமும் கைத்துப்பாக்கி இருந்தது. கையில் துப்பாக்கியோடு நின்ற ஆளைப் பார்த்ததும், சுட்டவன் இவன்தான் என்று நினைத்துவிட்டார். உண்மையில் அங்கே நின்றவர் கொலைகாரனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர். நல்லவேளை, ஓடிவந்தவர் தன் துப்பாக்கியை உருவவில்லை.

அமெரிக்காவில் அரசியல் கூட்டத்துக்கு ஆயுதத்தோடு போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: தன்னை எல்லோரும் நல்லவனாகத்தான் பார்ப்பார்கள் என்று நம்புவது. நல்லவன் என்று யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருக்காது. 2016 ஜூலையில் டல்லாஸ் ஊர்வலத்தில் 5 போலீஸார் கொல்லப்பட்டபோது, சட்டப்படி ரைபிள் கொண்டுவந்திருந்த ஒருவரின் படத்தைத் தேடப்படுபவர் என்று போலீஸே வெளியிட்டது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அடுத்தது, "ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் இருக்கிறதே, போதாதா?" என்ற எண்ணம். தனிமனிதனின் ஆயுத உரிமையை 2008-இல் உறுதிசெய்த அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அது எல்லையற்ற உரிமை அல்ல என்றும் சொல்கிறது. அதே நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு சட்டமன்றம், வாக்குச்சாவடி, நீதிமன்றம் ஆகியவற்றை ஆயுதத்துக்குத் தடை போடக்கூடிய இடங்களாகக் குறிப்பிடுகிறது. வட கரோலினாவில் ஆர்ப்பாட்டங்களுக்கு ஆயுதம் கொண்டுபோவதே குற்றம். அதிபர் போன்ற தலைவர்களைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் காவல் போட்ட வளையத்துக்குள் மாநில உரிமம் எதுவும் செல்லாது. ஒரு மாநில லைசென்ஸ் பக்கத்து மாநிலத்தில் செல்லும் என்றும் நினைத்துவிடக் கூடாது. கிளம்பும் முன் அந்த மாநிலச் சட்டத்தையும் அந்த ஊர் விதியையும் படியுங்கள்.

சரி, சட்டம் அனுமதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இடுப்பில் வெறுமனே செருகிக்கொண்டு போகாதீர்கள். விசையை முழுதாக மூடும், வேறு யாரும் சட்டென்று உருவ முடியாத ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வேண்டும். நெரிசலில் தோளில் தொங்கும் ரைபிள் பின்னால் நிற்பவரின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது என்பது துப்பாக்கி பழகுபவர்களுக்குச் சொல்லித்தரும் அடிப்படைப் பாடம். கூட்டத்தில் குறிக்குப் பின்னால் எப்போதும் மனிதர்கள்தான். 2025 ஜூனில் சால்ட் லேக் சிட்டி ஊர்வலத்தில், ரைபிளோடு வந்த ஒருவரை நோக்கிப் பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் சுட்டார். குண்டு பட்டு இறந்தவரோ ஊர்வலத்துக்கு வந்திருந்த வேறொருவர். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

எதிர்த் தரப்போடு வாக்குவாதம் வேண்டவே வேண்டாம். பேச்சு முற்றும்போது கை துப்பாக்கிப் பக்கம் போனாலே அது மிரட்டல் வழக்காகிவிடும். குடித்திருந்தால் ஆயுதத்தைத் தொடவே கூடாது. போலீஸ் நிறுத்தினால் கைகளைத் தெரியும்படி வையுங்கள். "இதோ காட்டுகிறேன்" என்று இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், வாசலில் தடை என்று தெரிந்ததும் துப்பாக்கியைக் கார் டாஷ்போர்டில் போட்டுவிட்டுப் போவது. கார் கண்ணாடியை உடைக்க ஒரு நிமிடம் போதும். கொண்டுபோவதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் தோட்டாவை எடுத்துவிட்டு, பெட்டகத்தில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.