செம்மண் டிராக் போடுவது எப்படி: தண்ணீர் விடுகிறவன் சொல்கிறேன்

எனக்கு ஊர் பல்லடம் பக்கம். உழவு, நிலம் சமன் செய்வது, டேங்கரில் தண்ணீர் அடிப்பது, இதுதான் பிழைப்பு. ரேக்ளாவுக்குத் தடம் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்த என்னை, கோயமுத்தூர் கார்ப் பந்தயப் பையன்கள் மண்ணிலேயே சுற்றி ஓட்டுகிற மண் டிராக் போடக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பந்தயம் நன்றாக நடந்தால் ஓட்டினவனுக்குப் பேர். தூசி கிளம்பினால் திட்டு முழுக்கத் தண்ணீர் விட்டவனுக்கு.

இது பழைய பிரச்சினைதானுங்க. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மார்டின்ஸ்வில்லில் 1947-ல் அரை மைல் மண் டிராக் திறந்தார்கள். நல்ல துணி உடுத்தி வந்த ஜனங்கள் செம்மண் பூசிக்கொண்டு வீடு போனார்கள். அந்த டிராக்குக்கு 1955-ல் தாரே போட்டுவிட்டார்கள். 2021-ல் அதே அமெரிக்காவின் பிரிஸ்டல் டிராக்கில் காங்கிரீட் மேல் மண் கொட்டிப் பெரிய போட்டி வைத்தபோதும் தூசியில் கண் தெரியாமல், கடைசிக் கட்டத்தில் நிறுத்தி மறுபடி தொடங்கும்போதெல்லாம் வண்டிகளை ஒற்றை வரிசையில் விட வேண்டியதாயிற்று. அவர்களிடம் இல்லாத காசா?

முதலில் மண். கரிசல் காடு வேண்டவே வேண்டாம். நனைந்தால் சக்கரத்தில் அப்பும், காய்ந்தால் வெடிக்கும். வெறும் சரளையும் ஆகாது. செம்மண் காடாகப் பார்த்து, அதோடு குளத்து வண்டல் கொஞ்சம் கலந்தால் மண் பிடித்து நிற்கும். வண்டலை முறைப்படி அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். சுக்காங்கல் கிடந்தால் ஆள் விட்டுப் பொறுக்கி எடுங்கள். முன்னால் போகிற வண்டி உதைக்கிற கல் பின்னால் வருகிறவனின் ரேடியேட்டரில்தான் போய் விழும்.

சுற்றும் திசை அடுத்தது. அமெரிக்கர்கள் இடச்சுற்று ஓட்டுவார்கள். அவர்கள் வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் ஓட்டுநர் உள்வட்டத்தில் இருப்பார், வெளித் தடுப்பு தள்ளியிருக்கும். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் கோயிலை வலம் வருகிற திசையில் விடுங்கள் என்பேன். டிவியில் பார்த்ததை அப்படியே செய்யணும் என்று சில தம்பிகள் ஒத்துக்கொள்வதில்லை.

ஜனங்களைக் காற்று வருகிற பக்கம் நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும். தை, மாசியில் கிழக்கே இருந்து அடிக்கும். ஆடியில் போட்டி வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. அந்தக் காற்றில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது.

சரி, வேலைக்கு வருவோம். ஒன்பது கொத்துக் கலப்பையில் நாலு அங்குலம் உழுது, ரோட்டவேட்டர் ஓட்டிக் கட்டியை உடையுங்கள். வளைவில் வெளி ஓரம் உயர்ந்து இருக்கும்படி மண்ணைத் தள்ளுங்கள். நானூறு மீட்டர் சுற்று, பத்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நாலு அங்குலமும் நனைய 20 மில்லிமீட்டர் மழை அளவு தண்ணீர் வேண்டும். கணக்குப் போட்டால் 80,000 லிட்டர், 5,000 லிட்டர் டேங்கரில் பதினாறு நடை. இதை ஒரே மூச்சில் ஊற்றினால் மேலே சேறு, அடியில் புழுதி. முந்தின இரண்டு ராத்திரியும் பாதிப் பாதியாக, பொழுது இறங்கினதற்கு அப்புறம் விடுங்கள். நடுவில் ஒரு தடவை லேசாகக் கிளறிவிட்டால் ஈரம் சமமாகப் பரவும்.

விடியற்காலையில் கையளவு மண்ணை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையை ஒரு முழ உயரத்தில் இருந்து கீழே போட்டால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் பத்தாது. உடையாமல் தட்டையாகி, உள்ளங்கையில் சேறு ஒட்டினால் அதிகம், காத்திருங்கள். மேல் மண்ணின் மினுமினுப்பு அடங்கினதும் ரோலரை விடலாம். ரோலருக்கு அப்புறம் ஒரு மினி லாரியை உள்ளும் வெளியுமாக, தடம் மாற்றி மாற்றி மெதுவாக ஓட்டுங்கள். டயர் அமுக்குகிற மாதிரி இரும்பு உருளை அமுக்காது.

ஓட்டம் தொடங்கின பிறகு எல்லாரும் ஒரே தடத்தில் போவார்கள். அது கண்ணாடி மாதிரி வழுக்கிப் பளபளக்கும், டயர் ரப்பர் படிந்து கருத்துவிடும். அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், பனிக்கட்டி மேல் ஓட்டச் சொன்னதாகிவிடும். இடைவேளையில் அந்தத் தடத்தைக் கலப்பை நுனியால் கீறிவிட்டு, வெளி ஓரத்தில் மட்டும் தூவுங்கள். சரிவில் தண்ணீர் தானாகவே உள்ளே இறங்கும்.

தண்ணீருக்குப் பதில் வேறு ஏதாவது விடலாமா என்று கேட்பார்கள். பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் வட்ட டிராக்கில் எண்ணெய் ஊற்றித்தான் தூசியை அடக்கினார்கள். கால்சியம் குளோரைடு போட்ட டிராக்குகளும் உண்டு, அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நாம் போடுவது நாளைக்குச் சோளம் விதைக்கிற காட்டில். இரண்டும் வேண்டாம். உப்புத் தண்ணீர் வருகிற போர்வெல்லும் வேண்டாம். சும்மா தருகிறேன் என்று எவனாவது சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் டேங்கர் அனுப்பினால் வாசலிலேயே திருப்பிவிடுங்கள்.

வண்டியைப் பற்றி மெக்கானிக் சொல்லட்டும். நான் கதவை மட்டும் பார்ப்பேன். 1949 ஜூன் 19-ல் அமெரிக்காவின் சார்லட் மண் டிராக்கில், நாஸ்கார் என்கிற கார்ப் பந்தய அமைப்பின் முதல் அசல் கார்ப் போட்டி நடந்தது. கடையில் வாங்கின வண்டி அப்படியே வர வேண்டும் என்பதுதான் விதி. அந்தக் காலத்தில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் கயிறும் பெல்ட்டும் போட்டுக் கட்டுவார்கள். அன்றைக்கு லீ பெட்டி என்கிற ஓட்டுநர் இரவல் பியூக் காரை உருட்டிவிட்டார். முதலில் வந்த கிளென் டனவேயின் வண்டியில் சாராயம் கடத்துகிறவர்கள் செய்கிற மாதிரி பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது தெரிந்து, பரிசை ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். ஆக, சோதனை கறாராக இருக்கட்டும். வண்டி உருண்டால் ஆளைக் காக்கிற கம்பிக் கூண்டு, ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பான் இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது. மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் அனுமதியும் ஆம்புலன்ஸும் இல்லை என்றால் நான் டேங்கரையே எடுக்க மாட்டேன்.

போட்டி முடிந்ததும் காட்டுக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். ரோலரும் டயரும் இறுக்கின மண்ணில் வேர் இறங்காது. உளிக்கலப்பை போட்டு அடி வரைக்கும் உடைத்துக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஹெட்லைட் கண்ணாடி, போல்ட், கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்க நாலு ஆள் விடுங்கள். அடுத்த வாரம் அங்கே மாடு மேயும்.