முதலில் பாதை, பிறகு பகடை: கேம் வரைபடத்தை விதிகளால் உருவாக்கும் முறை

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது வரைபடம் வரவேண்டும் என்று கேம் எழுத உட்காருகிறவர்கள், பெரும்பாலும் எல்லாவற்றையும் ரேண்டம் எண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அறை எங்கே, சுவர் எங்கே, வாசல் எங்கே, எல்லாமே பகடை. சில வரைபடங்கள் அருமையாக வரும். சிலவற்றில் வெளியேறும் வாசல் சுவருக்குள் புதைந்து கிடக்கும். உடனே "சரியில்லை என்றால் தூக்கிப்போட்டு மறுபடி உருவாக்கு" என்று ஒரு லூப் சேர்ப்பார்கள். வரைபடம் சிறியதாக இருக்கும்வரை அது ஓடும். பெரிதானதும் தூக்கிப்போடுவதே முழுநேர வேலையாகி, லோடிங் திரை நகராமல் நிற்கும்.

கோளாறு பகடையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. எது உடையவே கூடாதோ அதை முதலில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். மிச்சத்தைத்தான் தற்செயலுக்கு விடவேண்டும். பாதை எந்தப் பக்கம் வளையும் என்பதைப் பகடை சொல்லட்டும். பாதை இருக்குமா இல்லையா என்பதைப் பகடையிடம் கேட்கக்கூடாது.

கோட் எழுதுமுன் ஒரு தாளில் உடையக்கூடாதவற்றை எழுதுங்கள். ஐந்து வரிக்கு மேல் போனால் "இருந்தால் நன்றாக இருக்கும்" வகையறா உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். மேலிருந்து கீழே இறங்கும் ஒரு குதித்தாடும் கேமுக்கு இவ்வளவு போதும்: தொடக்கத்திலிருந்து வாசலுக்கு வழி உண்டு, வழியின் அகலம் 2 கட்டத்துக்கு (கட்டம் என்பது வரைபடத்தின் ஒரு சிறு சதுரம்) குறையாது, ஆட்டக்காரர் வரைபடத்துக்கு வெளியே விழமாட்டார்.

பாதை போடுவது

டெரெக் யூ 2008இல் வெளியிட்ட ஸ்பெலங்கி என்ற கேம் இதைச் செய்யும் விதம் நல்ல பாடம். அதில் ஒரு தளம் 4×4 ஆக 16 அறைகள். ஒவ்வோர் அறையும் 10 கட்ட அகலம், 8 கட்ட உயரம். (1980இல் வந்த ரோக் என்ற கேம், எழுத்துகளாலேயே படம் காட்டும் திரையை 3×3 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஓர் அறை வைத்தது. சட்டகம் முதலில் என்கிற வழக்கம் பழையது.) கீழே வருவது ஸ்பெலங்கி முறையின் சற்றே எளிதாக்கிய வடிவம்.

மேல் வரிசையில் ஏதாவது ஓர் அறையைத் தொடக்கமாக எடுங்கள். ஒவ்வொரு வரிசைக்குள் நுழையும்போதும் இடமா வலமா என்று ஒருமுறை மட்டும் முடிவு செய்யுங்கள். ஓரத்து அறையில் நுழைந்தால் உள்பக்கம் ஒன்றுதான் வழி. பிறகு 1 முதல் 5 வரை பகடை: 1–4 விழுந்தால் அதே திசையில் அடுத்த அறை, 5 விழுந்தால் கீழே. ஓரத்தை முட்டினாலும் கீழே. கடைசி வரிசையில் "கீழே" என்று வந்தால் அந்த அறையில்தான் வாசல்.

இது தோற்கவே முடியாத முறை. ஆனால் சுவாரசியம் தோற்கலாம். நேராகக் கிணறு போல 4 அறைகளில் முடிந்துவிடும் பாதை 625இல் ஒருமுறை வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 16 அறையையும் சுற்றிவரும் பாதையோ ஏறத்தாழ 100க்கு 3 முறை வரும். அது அலுப்பாக இருந்தால் 5இன் வாய்ப்பைக் கூட்டுங்கள். வந்த வரைபடத்தைக் கையால் வெட்டி ஒட்டவேண்டாம்.

அறைக்கு எந்தப் பக்கம் திறப்பு என்பதை எப்படிக் குறித்துவைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாதையில் உள்ள ஒவ்வோர் அறைக்கும் இடம், வலம் திறப்பு உண்டு. இறங்கும் அறைக்குக் கீழே ஒரு துளை, இறங்கி வந்து சேரும் அறைக்கு மேலே ஒரு துளை. "வகை 1, 2, 3" என்று பெயர் வைத்தால், இறங்கிய உடனே மறுபடி இறங்கும் அறையில் கோட் பழைய வகையை அழித்துப் புதியதை எழுதும். மேல் துளை போய்விடும், ஆட்டக்காரர் கூரையில் நிற்பார். பெயருக்குப் பதிலாக பிட் (ஒவ்வொரு திறப்புக்கும் ஆம்/இல்லை என்று ஓர் இலக்கம்) பயன்படுத்துங்கள்: இடம் 1, வலம் 2, மேல் 4, கீழ் 8. சாதாரணப் பாதை அறை 3. இறங்கி வந்தது 7. அதுவே மறுபடி இறங்கினால் 8ஐ "அல்லது" (OR) செயலால், பழைய பிட்களை அழிக்காமல், சேர்க்க 15. எதுவும் அழிவதில்லை, அதனால் அந்த பக் (கோட் பிழை) வரவே இடமில்லை.

திறப்புகள் ஒன்றோடொன்று பொருந்த ஓர் ஒப்பந்தம் வேண்டும். பக்கவாட்டுத் திறப்பு எப்போதும் மேலிருந்து 6, 7ஆம் வரிசையில். மேல், கீழ்த் துளை எப்போதும் இடமிருந்து 5, 6ஆம் நிரலில் (மேலிருந்து கீழாகச் செல்லும் கட்ட வரிசையில்). ஓர் அறை டெம்ப்ளேட்டில் (முன்கூட்டியே வரைந்துவைத்த அறை மாதிரியில்) திறப்பு 3ஆம் வரிசையிலும் அடுத்ததில் 6ஆம் வரிசையிலும் இருந்தால், இரண்டும் தனித்தனியே சரி, சேர்ந்தால் சுவர். மென்பொருளில் இரு மாட்யூல்கள் (தனித்தனிப் பகுதிகள்) இணையும் விதத்தை இன்டர்ஃபேஸ் என்று எழுதிவைக்கிறோமே, அதே காரணம்தான். கடைசியில் 40×32 வரைபடத்தைச் சுற்றி ஒரு கட்டத்துக்குச் சுவர் எழுப்பினால் 42×34 ஆகும். ஓரத்து அறைகளின் வெளித்திறப்பை அது மூடிவிடும்.

இப்போதுதான் பகடைக்கு வேலை

டெம்ப்ளேட்டைக் கையால் வரைந்தால், சில கட்டங்களை மட்டும் "பாதி வாய்ப்பில் கல்" என்று குறியுங்கள், வழியில் அல்லாத இடங்களில். டெம்ப்ளேட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டால் எண்ணிக்கை சும்மா இரட்டிப்பாகும்.

குகை போன்ற வடிவம் வேண்டுமென்றால் டெம்ப்ளேட் தேவையில்லை. பாதை அறைகளில் 6, 7ஆம் வரிசை முழுவதையும், துளை இருக்கும் இடங்களில் 5, 6ஆம் நிரலையும் வெறுமையாக்கிப் பூட்டுங்கள். மற்றக் கட்டங்களில் 45 சதவீதத்தைச் சுவராக்குங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும், அதையும் சேர்த்து 3×3 சதுரத்தில் உள்ள 9 கட்டங்களில் 5 அல்லது அதற்கு மேல் சுவர் என்றால் அது சுவர், இல்லையென்றால் வெறுமை. நாலைந்து சுற்றில் சொரசொரப்பு போய்க் குகை உருவாகும். இரண்டு இடங்களில் கவனம். ஒன்று, புதிய மதிப்பைத் தனி அணியில் (array, கட்டங்களின் மதிப்புப் பட்டியல்) எழுதுங்கள். படிக்கும் அணியிலேயே எழுதினால் குகைகள் எல்லாம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், காரணம் பிடிபடாது. இன்னொன்று, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பூட்டிய கட்டங்களை மறுபடி வெறுமையாக்குங்கள். ஒரு கட்ட அகலப் பாதையைச் சுற்றி முழுக்கச் சுவர் இருந்தால் 9இல் 6 சுவர், ஒரே சுற்றில் அடைபடும். இரண்டு கட்ட அகலம் நடுவில் தாக்குப்பிடிக்கும். ஆனால் முனையில் 9இல் 5 சுவர், அங்கிருந்து கரைய ஆரம்பிக்கும்.

வீட்டுத் திட்டத்துக்கும் இதே வரிசை

1978இல் ஜார்ஜ் ஸ்டைனியும் வில்லியம் மிட்செலும், 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் மாளிகைத் திட்டங்களை உருவாக்கித் தரும் ஒரு வடிவ இலக்கணத்தை (வடிவங்களை அடுக்கும் விதிகளின் தொகுப்பை) வெளியிட்டார்கள். அதில் 8 படிநிலைகள். முதலில் கிரிட், அடுத்து வெளிச்சுவர், அதன்பிறகுதான் அறைகள். ஜன்னலும் கதவும் ஏழாவதாகத்தான் வருகின்றன. கோலத்திலும் இதே ஒழுங்குதான்: புள்ளி வைத்தபிறகே கோடு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக்காட்டியது 1974இல்.

மனைக்குள் செவ்வகத்தை வெட்டிக்கொண்டே போய் அறைகள் உண்டாக்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் பரப்பை மட்டும் சோதிப்பார்கள். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிப்பறைக்குப் பொதுவாகக் கேட்பது 9.5 சதுர மீட்டர் பரப்பு, கூடவே குறைந்தது 2.4 மீட்டர் அகலம். 1.2×8 மீட்டர் அறை 9.6 சதுர மீட்டர். பரப்புச் சோதனையில் தேறிவிடும், கட்டில் போட முடியாது. ஆகவே வெட்டும் விதியிலேயே அகலத்தை வையுங்கள்: இரண்டு அறைக்கு 4.8 மீட்டர், நடுவே ஒன்பது அங்குலச் சுவருக்கு 0.23, ஒரு பக்கம் 5.03 மீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பக்கத்தை வெட்டாதே. அதற்கும் முன்னால் மாடிப்படி, கழிப்பறை, சமையலறை மூன்றையும் பூட்டிவிடவேண்டும். மாடியில் கழிப்பறை வேறு மூலைக்கு நகர்ந்தால் குழாய் கீழ்வீட்டுக் கூடத்தின் கூரையில் ஓடும். வெளிச்சுவர் தொடாத கழிப்பறைக்கு வென்டிலேட்டர் வைக்க இடமிருக்காது. நடைவழியையும் பூட்டாமல் விட்டால், ஒரு படுக்கையறைக்குள் புகுந்து இன்னொன்றுக்குப் போகும் வீடு கிடைக்கும்.

ஸீட் எண்ணும் சோதனையும்

உருவாக்கும் எல்லாப் படிநிலைகளுக்கும் ஒரே ரேண்டம் ஓட்டத்தை (ரேண்டம் எண்களின் தொடரை) பயன்படுத்தினால், எதிரியாக ஒரு வௌவாலைக் கூடுதலாகச் சேர்த்ததும் அதற்குப்பின் வரும் எல்லாமே மாறிப்போகும். பாதைக்கு ஒன்று, குகைக்கு ஒன்று, எதிரிகளுக்கு ஒன்று என்று தனித்தனி ஓட்டம் வையுங்கள். ஓர் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் எண்ணே ஸீட்; முதன்மை ஸீடுடன் அந்தப் படிநிலையின் பெயரைச் சேர்த்து ஹேஷ் செய்தால் (ஓர் எண்ணாக மாற்றினால்) தனி ஸீட் கிடைக்கும். பைத்தானின் உள்ளமைந்த ஹேஷ் ஃபங்ஷனை இதற்குத் தொடாதீர்கள்: எழுத்துச்சரத்துக்கு அது ஒவ்வொரு தடவை புரோகிராம் தொடங்கும்போதும் வேறு மதிப்பு தரும். எப்போதும் ஒரே மதிப்பு தரும் சிஆர்சி32 என்ற கணக்கு போதும். ஜாவாஸ்கிரிப்டின் உள்ளமைந்த ரேண்டமுக்கு ஸீட் கொடுக்கவே வழியில்லை, நீங்களே ஒரு சிறிய ஜெனரேட்டர் எழுதவேண்டும்.

பிறகு 0 முதல் 9,999 வரை ஸீட் கொடுத்து, திரையில்லாமல் வரைபடங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் தொடக்கக் கட்டத்திலிருந்து ஃப்ளட் ஃபில் (வெறுமையான பக்கத்துக் கட்டங்களுக்குப் பரவிக்கொண்டே போகும் தேடல்) ஓட்டுங்கள். வாசலை எட்டாதது ஒன்று கிடைத்தாலும், அந்த ஸீடைக் குறித்துக்கொண்டு எந்தப் படிநிலை பூட்டை உடைத்தது என்று தேடுங்கள். "மறுபடி உருவாக்கு" லூப்பை இங்கே போட்டு மூடினால், அந்த பக் வேறு உருவில் வெளியே வரும். எல்லாம் தேறியபின் 50 வரைபடங்களைச் சிறியதாக்கி ஒரே படத்தில் அடுக்கிப் பாருங்கள். கணக்குப்படி ஒவ்வொன்றும் வேறு; கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியலாம். அப்போது குகையின் சதவீதத்தைத் திருகாதீர்கள், பாதை வளையும் விதியை மாற்றுங்கள். ஆட்டக்காரர் உணர்வது அதைத்தான்.

விதியை மாற்றிய ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, சேமித்த ஆட்டத்தில் ஸீடுடன் அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் பழைய ஆட்டத்தைத் திறப்பவர் சுவருக்கு நடுவில் எழுந்து நிற்பார்.